அந்த 'நீ' எதற்காக?

(திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில், அங்கன்வாடிப் பணியாளர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் என் சித்தப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவர். சில ஆண்டுகளுக்கு முன், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அவரை ஒரு முகாமுக்கு அழைத்துப் போனேன். முகாம் நடந்தது மாடியில். கையை ஊன்றி ஏறிப் போய் மூச்சிரைக்க உட்கார்ந்தவரிடம் மருத்துவர், "எந்திரி, நடந்து காட்டு" என்றார். சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த மருத்துவருக்கு என் வயதுகூட இருக்காது. பக்கத்திலிருந்த எழுத்தர், முகவரியில் 'காலனி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுல இருந்துதான்யா நிறைய வர்றீங்க" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 'நீ' காலுக்காகவா, காலனிக்காகவா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியிலும் பழங்குடியிலும் சேராதவர்களிடையே இது 2.18 விழுக்காடு. பேறுகாலத்தில் நம் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வேலைகளுக்கு நம் உடல்கள் அனுப்பப்படுகின்றன, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றெல்லாம் அவர் யோசித்திருக்கலாம். யோசிக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆந்திரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் 2011இல் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். குற்றவாளியை அவர் குரலை வைத்து அடையாளம் காட்டினார். பட்டான் ஜமால் வலி வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்வையற்றவர் என்பதால் அவருடைய சாட்சியம் எந்த வகையிலும் குறைந்ததல்ல என்றது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சாதியும் பாலினமும் உடற்குறையும் ஒருவர்மீது ஒன்றாகக் கவிவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது.

ஆனால் அதே தீர்ப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை ரத்து செய்தது! பட்டியல் சாதிப் பெண் என்ற காரணத்தால்தான் குற்றம் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று பதிவில் இல்லையாம். 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தளர்த்திவிட்டது. ஆனால் அந்தக் குற்றம் நடந்தது அதற்கு முன்பு. மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று சொன்ன நீதிமன்றமே சாதியை மட்டும் தனியே பிரித்துக் காட்டச் சொன்னது. சித்தப்பாவின் கேள்விக்கு நான் எங்கிருந்து சான்று கொண்டுவருவேன்?

அந்தத் தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் இதில் பயிற்சி தர வேண்டும். சட்டப் படிப்பில் இதைப் பாடமாக்குவது பற்றி பார் கவுன்சில் யோசிக்கலாம் என்றது. உங்கள் வகுப்பில் நடத்தினார்களா? கை தூக்குங்கள் பார்ப்போம்.

உண்மையில் இதற்குத் தீர்ப்பே தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 47ஆவது பிரிவு, ஊராட்சி உறுப்பினர் முதல் காவலர், நீதிபதி, வழக்கறிஞர் வரை பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர், பொறியாளர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லோருடைய படிப்பிலும் பயிற்சியிலும் இது இடம்பெற வேண்டும் என்கிறது. 92ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானதாக இருக்கும்.

நடப்பது வேறு. மருத்துவப் படிப்பின் தொடக்க வகுப்புகளில், மாற்றுத்திறனாளி மருத்துவர்கள் போராடி 2019இல் ஏழு மணி நேரம் வாங்கினார்கள். நான்கரை ஆண்டுப் படிப்பில் ஏழே மணி நேரம். 2024 ஆகஸ்டில் வந்த புதிய பாடத்திட்டத்தில் அதையும் காணவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்தப் பாடத்திட்டம் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

நடக்கிற சில பயிற்சிகளையும் பார்த்திருக்கிறேன். கண்ணைக் கட்டி நடக்கச் சொல்வார்கள். கட்டை அவிழ்த்ததும், "நமக்கு இந்தக் குறை இல்லையே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சேரியை ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு இரக்கப்படுவதை நாம் ஏற்போமா? பயிற்றுநர் இருக்கையில் மாற்றுத்திறனாளிகளே உட்கார வேண்டும். அவர்களில் நம் தெருக்காரர்களும் இருக்க வேண்டும். உரிமை பற்றிய பாடத்தில் சாதி ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடக் கூடாது. நம் இயக்கங்களும் தப்ப முடியாது. இந்தக் கூட்டத்துக்கே சாய்தளம் இல்லாத மண்டபத்தைத்தான் பிடித்திருக்கிறோம்.

2025இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினர்களாக்க வழி செய்தது. நல்லது. அவர்களை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்காமல் இருக்க, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

முன்வரிசை மேசையில் தகவல் உரிமை மனு ஒன்று வைத்திருக்கிறேன். 47ஆவது பிரிவின்படி நம் மாவட்டத்தில் இதுவரை யார் யாருக்குப் பயிற்சி தரப்பட்டது, எத்தனை மணி நேரம், பயிற்றுநர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள். கட்டணம் பத்து ரூபாய். போகும்போது ஆளுக்கொரு நகல் எடுத்து, அவரவர் பெயரில் அனுப்புங்கள்.