சேவல் கூவாத விடியலில் என்ன பார்க்கணும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கால்நடைப் பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை "கோழி வளர்ப்பில் லாபம்" என்று பேசச் சொன்னார்கள். லாபக் கணக்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சரைப் பெட்டியில் எத்தனை ரூபாய் முட்டைக் காசு, எத்தனை ரூபாய் சேவல் காசு என்று தனித்தனியாகத் தெரிந்தவர்கள் நீங்கள். நான் பேச வந்தது, கோழி சீக்கானால் வீட்டிலேயே என்ன பார்க்கணும், எதை நாமே செய்யலாம், எதை நாம் தொடவே கூடாது என்பது பற்றி. அதிலும் சேவலைப் பற்றி. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல்தான் இருக்கும். அது போனால் அந்த ஈட்டு முட்டையில் குஞ்சு இல்லை.

கால்நடைப் பயிற்சி முடித்து ஆறு வருஷமா திண்டுக்கல் பக்கம் எங்க ஒன்றியத்தில் வீடு வீடாகப் போய்க்கிட்டிருக்கேன். நான் போகும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, "சொணங்கிருச்சு, செத்தா வீணாப் போயிடும்"னு அறுத்துக் குழம்பு கொதிக்கும். இல்லைன்னா, மருந்துக்கடையில் வாங்கின மாத்திரையைப் பிட்டு வாயில் போட்டு, செம்புத் தண்ணியை ஊற்றி, அது விக்கிக்கிட்டு நிற்கும். இரண்டுக்கும் முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தச் சேவலைக் கையில் எடுத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோழி தன் சீக்கைக் காட்டாது. காட்டினால் மற்ற கோழி கொத்தும், பருந்தும் கீரியும் குறி வைக்கும். அதனால் முடிந்தவரை நின்று சமாளிக்கும். இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி மூலையில் நிற்கிறது என்றால், சீக்கு வந்து ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். சேவலில் நமக்கு ஒரு வசதி, அதன் கூவல். விடியலில் கூவவில்லை, அல்லது கரகரவென்று பாதியில் முறிகிறது என்றால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

முதல் வேலை, பிரித்து வைப்பது. பஞ்சாரம் போட்டுக் கவிழ்க்கலாம், ஆனால் மற்ற கோழி மேய்கிற அதே வாசலில் கவிழ்த்தால் அது பிரித்ததாகாது. எச்சமும் சளியும் மண்ணில் விழும், மற்றது கிளறும். கொல்லைப்பக்கம், காற்றோட்டமும் நிழலும் உள்ள இடம், கீழே பழைய நியூஸ்பேப்பர். பேப்பர் ஏன் என்றால் எச்சம் பார்க்க. தண்ணிக் கிண்ணம் தனி. நல்ல கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் சீக்குச் சேவலிடம் போகணும். திரும்பும்போது கை, கால், செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கழிச்சல் கிருமி நம் கண்ணில் பட்டால் நமக்கே கண் சிவந்து வீங்கும். கழுவாத கையால் முகத்தைத் தொடாதீங்க.

அடுத்து எச்சம். நல்ல கோழியின் எச்சம் பழுப்பாக இருக்கும், மேலே வெள்ளையாக ஒரு தொப்பி. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். நிறைய பேர் அந்த வெள்ளையைப் பார்த்தே "வெள்ளைக்கழிச்சல் வந்திருச்சு"னு பயந்து ஓடி வருகிறார்கள். பயப்பட வேண்டாம். நாளில் சில தடவை சாக்லேட் நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றத்தோடு போடும், அதுவும் இயல்புதான். பச்சையாகத் தண்ணியாகப் போனால் இரை எடுக்கவில்லை, வெறும் பித்தம் வருகிறது என்று அர்த்தம். அது பல சீக்கில் வரும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ரத்தம் கலந்திருந்தால், அதுவும் குஞ்சுகளிடம் என்றால், ரத்தக்கழிச்சல். அதற்கு மருந்து உண்டு, மருந்தகத்தில் கேட்டு அன்றே தண்ணியில் கலந்து கொடுக்கணும்.

பிறகு கையில் எடுங்கள். பொழுது சாய்ந்தபின் பிடித்தால் திமிறாது. இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கணும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. "மேல் கொதிக்குதே"னு உடனே சொல்லாதீங்க. கோழி உடம்பு எப்பவும் நம்மைவிடச் சூடு, 106, 107 டிகிரி பாரன்ஹீட் அதற்கு சாதாரணம். கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. புழு, பேன், உண்ணி என்று தேடுங்கள். கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ ரத்த ஓட்டமோ சரியில்லை, மருத்துவரிடம் போங்கள். மூஞ்சி வீங்கி, மூக்கில் சளி வந்து, கிட்டே முகர்ந்தால் அழுகின வாடை அடித்தால் அது சளி நோய். அதற்கும் மருத்துவர் தருகிற மருந்துதான். கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் கருப்புப் பொறுக்கு என்றால் அம்மை. கொசுவால் பரவும். பொறுக்கைப் பிய்க்காமல் வேப்பிலை, மஞ்சள், பூண்டு அரைத்து வெண்ணெயில் குழைத்துத் தடவி வந்தால் புண் ஆறும். மூன்று, நான்கு வாரம் பொறுமை வேண்டும். அம்மை வாய்க்குள் போய்விட்டால் அது வேறு, அதற்குக் கைவைத்தியம் போதாது.

மார்பு எலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை மாதிரி குத்தினால் பல நாளாகவே இளைத்திருக்கிறது, நேற்று வந்த சீக்கு இல்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். உயரத்திலிருந்து குதிக்கிற கனத்த சேவலுக்கு அங்கே கருப்பு ஆணி விழுந்து சீழ் கட்டியிருக்கும், நொண்டுவதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

இப்போது இரைப்பை. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்றேன், ஏன்னா நம்ம வீட்டுச் சேவல்களில் நான் அதிகம் பார்த்தது இதுதான், யாரும் தொட்டுப் பார்க்காததும் இதுதான். கழுத்து முடிகிற இடத்தில் வலப்பக்கமாக ஒரு பை. சாயங்காலம் அடைய வரும்போது அது நிறைந்து புடைத்திருக்கணும். விடியலில் காலியாக இருக்கணும். விடியலிலும் புடைத்துக் கல் மாதிரி இருந்தால் அடைப்பு. தண்ணிப்பை மாதிரி தளதளவென்று இருந்து வாய் புளித்து நாறினால் இரை உள்ளே புளித்துவிட்டது.

பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு மதினி. மகன் பேரில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல், கருஞ்சிவப்பு, நல்ல வாட்டம். பொங்கல் வைக்க ஒரு மாசம் இருக்கும்போது கூவலை நிறுத்தியது. மூன்று நாளாக இரை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் "வெள்ளைக்கழிச்சல்தான், தெருவுக்கே பரவுறதுக்குள்ள அறுத்துரு"ங்கிறார். மாமியார் "நேர்ந்துவிட்டதை வீட்டுக் குழம்புக்கு அறுப்பியா?"ங்கிறார். மதினி நடுவில் நின்று அழுதது சேவலுக்காக மட்டும் இல்லை. மகனுக்கு அந்த வருஷம்தான் ஆபரேஷன் நடந்திருந்தது.

நான் போய் எச்சம் பார்த்தேன். பச்சை, கொஞ்சம்தான். மூக்கு சுத்தம், கழுத்து நேர், தும்மல் இல்லை, தெருவில் வேறு எந்தக் கோழிக்கும் ஒன்றும் இல்லை. இரைப்பையைத் தொட்டால் எலுமிச்சங்காய் கணக்காக் கெட்டி. இரையை நிறுத்தச் சொன்னேன், தண்ணி மட்டும். நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விட்டு, இரைப்பையை விரலால் மெதுவாக, சப்பாத்தி மாவு பிசைகிற அழுத்தத்தில் பாதிகூட இல்லாமல், பிடித்துவிடச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. பல சேவல் இதிலேயே இளகிக்கொடுக்கும். இது கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் காலையிலும் அதே கெட்டி. அதற்குமேல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு இரைப்பையைக் கீறினார். உள்ளே இருந்து வந்தது ஒரு கத்தை சாக்கு நூல். தவிட்டு மூட்டை பிரித்து வாசலில் போட்ட நூல். தையல் போட்டு, நாலைந்து நாள் குழைந்த சோறும் மோரும் என்று இருந்தது. அடுத்த வாரம் கூவியது. மதினி எனக்குப் போன் போட்டு ஒன்றும் பேசாமல் போனை சேவல் பக்கம் நீட்டிவிட்டார்.

அதனால் மூட்டை பிரித்த நூல், தலைமுடி, பாலிதீன் துண்டு வாசலில் கிடக்க விடாதீங்க. இரை புளித்துப்போன சேவலைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அது மூச்சுக்குழலில் இறங்கினால் உங்கள் கையிலேயே உயிர் போகும்.

தண்ணி ஊற்றுவதும் அப்படித்தான். கோழி வாயைத் திறந்து பாருங்கள், நாக்குக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை திறந்து மூடும். அது மூச்சுவழி. செம்பிலிருந்து ஊற்றினால் அதில்தான் இறங்கும். சீக்கில் சாகாதது நாம் ஊற்றின தண்ணியில் செத்துப்போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு, அது விழுங்கியபின் அடுத்த சொட்டு. ஒரு லிட்டர் தண்ணியில் எலுமிச்சை அளவு வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. அது போதும். மனுஷ மாத்திரையைக் கண் அளவில் பிட்டுப் போடாதீங்க. அளவு தப்பினால் கோழிக்கு ஆகாது, அளவு சரியாக இருந்தாலும் மருந்து முட்டையிலும் கறியிலும் தங்கும், அதை நம்ம பிள்ளைதான் சாப்பிடும். மருத்துவர் மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை, கறி எடுக்கக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள்.

கால் தள்ளாடி உட்கார்ந்துவிட்ட சேவல் ஒன்றையும் சொல்லணும். பச்சைக் கழிச்சல் வேறு. எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டுச் சுவர் விரிசலில் பார்த்தால் உண்ணி புளியங்கொட்டை ஒட்டின மாதிரி அப்பிக்கிடக்கு. பகலில் விரிசலில் ஒளிந்து ராத்திரியில் மட்டும் கடிக்கிற சாதி அது. அதன் கடியில் காய்ச்சலும் வரும், காலும் விழும். டாக்டர் ஊசியில் சேவல் எழுந்தது. ஆனால் விரிசலை நெருப்புக் காட்டி, மண் பூசி, சுண்ணாம்பு அடித்த பிறகுதான் அந்த வீட்டில் தொல்லை நின்றது.

சரி, வெள்ளைக்கழிச்சல். இராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அது உத்தராகண்டில் இருக்கிற மலை ஊர், இந்தியாவில் 1927-ல் அங்கே கண்டதால் அந்தப் பெயர். இது வந்தால் ஒன்றோடு நிற்காது. இரண்டு மூன்று நாளில் அடுத்தடுத்துச் சொணங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாகக் கழியும், பிழைத்ததற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துத் தவிட்டில் உருட்டிக் கொடுக்கிறோம், நானும் கொடுக்கச் சொல்கிறேன். பசி எடுக்கும், தெம்பு வரும். ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் ஒரு தெருவில் இது வந்தது. முதலில் செத்தது ஒரு வீட்டுச் சேவல். அறுத்து, இறகையும் குடலையும் குப்பைமேட்டில் கொட்டினார்கள். அந்த மேட்டில் தெருவே மேயும். குழுக்கடன் வாங்கிக் குஞ்சு இறக்கின தங்கச்சி ஒருத்தி அதே தெரு. அவளிடம் நாற்பது உருப்படி. வியாபாரி ஒருவர் வாசலில் நின்று, "இன்னும் சாகாததை எல்லாம் பாதி விலைக்குக் கொடு, ராத்திரியோடு ராத்திரியா ஏத்திடறேன்"னார். தவணை கட்ட வேண்டிய வாரம் அது. அவள் கொடுக்கவில்லை. "என் பெரியம்மா ஊருக்குத்தானே அண்ணே அந்த வண்டி போகும்"னு கேட்டாள். முப்பத்தி ரெண்டு செத்தது. மூணடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு அவளே புதைத்தாள். குழுவில் உட்கார்ந்து பேசி அவள் தவணையை நாலு மாசம் தள்ளி வைத்தோம். சில பேருக்கு அது பிடிக்கவில்லை, சத்தமும் வந்தது. அவள் விற்றிருந்தால் அடுத்த ஊர்க் குழுவுக்கு எத்தனை தவணை நின்றிருக்கும் என்று கேட்டபிறகு அடங்கியது. இன்றைக்கு அவளிடம் அறுபது உருப்படி. கடனும் முடிந்தது.

ஒரேயடியாகப் பல கோழி பொத்துப் பொத்தென்று விழுந்தால், மூஞ்சி வீங்கிக் கொண்டை கருத்தால், தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-க்குப் போன் போடுங்கள். பறவைக் காய்ச்சலா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவர்கள்.

கழிச்சலுக்கு இருக்கிற ஒரே வழி தடுப்பூசி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் இன்னொரு தடவை. எட்டு வாரம் ஆனபின் இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. ஒரு புட்டி மருந்து நூறு கோழிக்கு வரும். கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும், ஐஸில் இருக்கணும். எட்டுக் கோழி வைத்திருக்கிற ஒரு வீட்டுக்கு இது கட்டாது. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடணும்னு நான் எல்லாக் குழுவிலும் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு வீடு விட்டுப்போனாலும் சீக்கு அந்த வாசல் வழியா வரும்.

பிப்ரவரியில் கால்நடைத் துறையின் இருவார முகாம் வரும். தேதி தெரிந்ததும் குழுக் கூட்டத்தில் சொல்கிறோம். ஒரு வாரம் முன்னாடியே குடற்புழு மருந்து கொடுத்துடுங்க. முகாம் அன்றைக்குக் காலையில் நாங்கள் வரும்வரை பஞ்சாரத்தைத் திறக்காதீங்க. திறந்துவிட்டால் அப்புறம் உங்க சேவலை வேலி வேலியாக நான்தான் விரட்டணும். சொணங்கின கோழி இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள், அதற்கு அன்றைக்கு ஊசி கிடையாது. ஐஸ் பெட்டி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது, குழுவுக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.