அவசரக் கடனும் அடைமான ஏலமும்



நெருக்கடி வந்துற்ற வேளையில் அரசாங்கம் சிறு தொழில் நடத்துவோருக்குக் கடன் வழங்கிக் கைகொடுக்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால், கடன் அறிவிக்கப்பட்டது என்ற செய்தியோடு நாம் மகிழ்ந்து அமைந்துவிடலாகாது. அக்கடன் யார் கையை அடைந்தது? எப்பொழுது திருப்பிக் கேட்கப்பட்டது? திருப்ப இயலாதவனின் கதி என்ன? இம்மூன்று வினாக்களையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயினால் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சந்தைகள் மூடப்பட்டன, விளைந்த மரக்கறி தோட்டத்திலேயே அழுகியது. அப்பொழுது மத்திய வங்கி 'சௌபாக்யா' என்ற பெயரால் ஒரு கடன் திட்டத்தை வகுத்தது. வட்டி ஆண்டுக்கு 100க்கு 4. முதல் ஆறு மாதங்கள் சலுகைக் காலம். அதனையும் சேர்த்து 24 மாதங்களில் கடன் முழுவதும் தீர்க்கப்படல் வேண்டும். இதற்கென 15,000 கோடி ரூபா குறிக்கப்பட்டது. 60,000க்கு மேற்பட்ட தொழில்களுக்குக் கடன் அங்கீகரிக்கப்பட்டது. இது சிறிய உதவியன்று. நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்வதே நியாயம்.

ஆயினும், 2013/14ஆம் ஆண்டுப் பொருளாதாரத் தொகைமதிப்பின்படி, கமத்தொழில் நீங்கலாக இந்நாட்டிலிருந்த தொழில் நிலையங்கள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் 10க்கு 9, நான்கைந்து பேருக்கு மேல் வேலை செய்யாத மிகச் சிறிய நிலையங்கள். இக்கணக்கோடு ஒப்பிட்டால் கடன் அங்கீகரிக்கப்பட்டவை 100க்கு 6 மட்டுமே. எல்லோருக்கும் கடன் தேவைப்பட்டிராது என்று கூறலாம். ஆனால் தேவைப்பட்டும் வாசலோடு திரும்பியவர்கள் யாவர்?

வங்கியில் ஏற்கெனவே கணக்கும் கொடுக்கல் வாங்கலும் உள்ளவருக்கு வாசல் திறந்திருந்தது. பதிவுப் பத்திரமும் வருமானக் கணக்கும் இல்லாத பெட்டிக்கடைக்காரருக்கும் தையற்காரிக்கும் மீன் வியாபாரிக்கும் அது மூடியே இருந்தது. அவர்களுக்கு அவசரக் கடன் தந்தது மத்திய வங்கியன்று. வீட்டிலிருந்த காப்பும் சங்கிலியும் தாலிக்கொடியுமே. அவற்றை ஈடுவைத்தே அவர்கள் அந்நாட்களைக் கடந்தார்கள்.

ஈடாகக் காட்டுவதற்குக் காணி இல்லையா என்று கேட்கலாம். வன்னியிலே பெரும்பாலான கமக்காரர் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று வாழ்பவர்கள். அப்பத்திரத்தைக் கொண்டு, உறுதிக் காணியைப் போல எளிதாக ஈடுவைத்தல் இயலாது. குடாநாட்டிலோ போரினால் இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்தவர் பலர்.

இன்னொரு தடை நம்முடைய வழக்கத்திலேயே உள்ளது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணொருத்தி தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி ஈடுவைக்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டம் அவ்வாறு விதித்துள்ளது. போரிலே கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் யாரிடம் கையொப்பம் வாங்குவாள்? மாவட்ட நீதிமன்றத்தின் வாசலில் அவள் காத்துநிற்க வேண்டும். அவசரக் கடன் அவளுக்காகக் காத்துநிற்குமா? பிறரிடம் நீதி கேட்கும் நாம், நம்முடைய சட்டத்திலுள்ள இந்த அநீதியையும் திருத்தக் கேட்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் இன்றும் வங்கியில் அடைமான உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தன் வீட்டையே ஈடுவைக்கும் மனிதன் தான் வாசித்தறிய இயலாத பத்திரத்தில் கையொப்பமிடுகின்றான்.

இனி இரண்டாவது வினா. 2020இன் நடுவில் கடன் பெற்றவர் 2022இன் நடுவில் அதனைத் தீர்த்திருக்க வேண்டும். அந்த இரண்டாண்டில் நடந்தவற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆண்டு முடியுமுன் தடையைத் தளர்த்தியபோதிலும் அந்தப் பெரும்போகம் விழுந்துவிட்டது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை ஒரே தடவையில் 100க்கு 7 உயர்த்தியது. ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளரின் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டின் இறுதியில், வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளரிடமே 100க்கு 25க்கு மேல் வட்டி வாங்கின.

அரசாங்கம் தன் கடனுக்குத் தவணை கேட்டது. உலகம் தவணை கொடுத்தது. அதே அரசாங்கத்தின் குடிமகன் தவணை கேட்டால் அவனுக்கு ஏல அறிவித்தலா?

மூன்றாவது வினா அதுவே. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கடன் தவறினால் வங்கியின் பணிப்பாளர் சபை தானே தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்றத்துக்குச் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். 'பராட்டே' என்று மக்கள் அஞ்சும் அதிகாரம் இதுதான். கடன் கொடுத்தவரே வழக்காளியும் நீதிபதியுமாக அமர்வது சட்டத்தின் பொதுநெறிக்கு ஒவ்வாதது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2024இல் இவ்வதிகாரம் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. இடைநிறுத்தம் நிலையான பாதுகாப்பு அன்று. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு அச்சட்டத்தின் ஏல அதிகாரம் செல்லாது. ஆகவே, ஏலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கலங்கிக் காணியை அற்ப விலைக்கு விற்றுவிடாதீர்கள். பத்திரங்களை எடுத்துக்கொண்டு சட்டமறிந்த ஒருவரை முதலில் அணுகுங்கள்.

வேறு வழி உண்டா? பிரித்தானியாவைப் பாருங்கள். 2020 மே 4 முதல் அங்கே சிறு தொழில்களுக்கு 50,000 பவுண் வரை கடன் வழங்கப்பட்டது. முழுத் தொகைக்கும் அரசாங்கமே பிணை நின்றது. முதலாண்டு வட்டியையும் அரசாங்கமே செலுத்தியது. ஆறாண்டுத் தவணையைப் பத்தாண்டாக நீட்டிக்கொள்ளக் கடனாளிக்கு உரிமை வழங்கப்பட்டது. அவன் குடியிருக்கும் வீட்டில் கைவைக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் கடன்கள் வழங்கப்பட்டன. மோசடிகளும் மிகுதியாக நடந்தன, அதனை மறைப்பதற்கில்லை. மோசடிக்காரனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். அவனைக் காரணங்காட்டி நாணயமான சிறு வியாபாரியின் குடிமனையைப் பறித்தல் நீதியாகாது. பிரித்தானியாவின் செல்வம் நமக்கில்லை. ஆனால் தவணையை நீட்டுவதற்கும் குடிமனையைக் காப்பதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மனமும் சட்டமும் இருந்தாற் போதும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. அடுத்த நெருக்கடி வருமுன்னரே அவசரக் கடனுக்கு நிலையான சட்டம் இயற்றப்படல் வேண்டும். சிறு கடனுக்கு அரசாங்கமே பிணை நிற்க வேண்டும். பத்திரமும் உறுதியும் கடனாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். நாடே தவறும் காலத்தில் தவணை தானாக நீள வேண்டும். குடிமனை, நீதிமன்றத் தீர்ப்பின்றி ஏலம் போகலாகாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தபின், ஊர்தோறும் சங்கம் அமைத்தவர்கள் நம் முன்னோர். புகையிலைச் செய்கையாளர் சங்கம் கண்டு தம் விளைவை மலையாளம் வரை விற்றார்கள். வங்கிக்கு முகமறியாத பெட்டிக்கடைக்காரரின் நாணயத்தை ஊர்ச்சங்கம் அறியும். அரசாங்கத்தின் கடன் அச்சங்கங்களின் வழியாகவும் வர வேண்டுமென்று நாம் கோருவோம். அதற்குத் தகுதியுடையவையாக அவற்றின் கணக்குகளை ஒழுங்குசெய்வது நமது பொறுப்பு. படித்தவர்களே, கணக்காளர்களே, சட்டம் பயின்றவர்களே! மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே! வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் இன்றே எழுதத் தொடங்குங்கள். நாளை உரிமை கேட்கும்போது அதுவே உங்கள் சாட்சியாகும்.