யார் சொன்ன செய்தி?
(கரம்பொனில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தக் கரம்பொன், தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர். அவர் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் நான்காவது மாநாடு 1974-இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜனவரி 10-ஆம் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன் கூடியிருந்த சனத்துக்குள் பொலிஸ் புகுந்தது. மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின.

நடந்ததை யாரிடம் கேட்பது? பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸ் 1973-இலேயே அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தது. அதனால் ஊர்மக்களே, ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையில் ஒரு சுயாதீனக் குழுவை அமைத்தார்கள். கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். ஆயுதமில்லாத சனத்தைப் பொலிஸ் தேவையில்லாமல் தாக்கியது என்று அந்தக் குழு எழுதி வைத்தது.

நமக்கும் அதே திகதிதான். 1940 ஜனவரி 10-இல், முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார்.

ஆகவே ஒரே பேப்பரை மட்டும் நம்பிவிடாதீங்க. சுயாதீனப் பத்திரிகையும் தவறலாம். பொலிஸைக் கேட்டு எழுதினாங்களா, துரையைக் கேட்டா, அடிபட்டவரைக் கேட்டா என்று பாருங்க. லயத்தில் ஏதும் நடந்தால், கண்ணால் கண்டதை அன்றைக்கே நாள், நேரம், இடத்தோடு எழுதி வையுங்க. நாளைக்கு விசாரிக்க வருகிறவர்களுக்கு அதுதான் சாட்சி.