துப்பாக்கி ஓய்ந்தது, காத்திருப்பு ஓயவில்லை

(குன்றக்குடி இளைஞர் கூட்டத்தில் நமது ஐடி விங் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கிக்கிட்டு நம்ம மலை ஏறுறோம். கிளிநொச்சியிலயும் ஒரு முருகன் கோயில் இருக்கு, கந்தசுவாமி கோயில். 2017 பிப்ரவரி 20 அன்று அந்தக் கோயில் முன்னாடி தாய்மார்கள் பிள்ளைகளோட போட்டோவோட உட்கார்ந்தாங்க. என் பிள்ளை உயிரோட இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டாங்க.

போர் முடிந்தது 2009 மே மாதம். சரணடைந்தால் உயிர் பிழைக்கலாம் என்று நம்பி, கணவனையும் மகனையும் ராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த பெண்கள் அவர்களில் இருக்கிறார்கள். கடைசிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அந்தக் கணக்கில் தன் பிள்ளை உண்டா இல்லையா என்று இந்தத் தாய்க்குத் தெரியாது. இறந்தவருக்குத் திதி கொடுக்கலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்றுகூட முடிவெடுக்க முடியாத மனைவிகள் இருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இறந்துபோய்விட்டார்கள்.

இது கடல் தாண்டி நடந்த கதைன்னு நினைச்சுடாதீங்க. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். நம்ம சிவகங்கை மாவட்டத்திலயும் முகாம்கள் இருக்கு.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் முகாம் பையன். பிறந்தது, வளர்ந்தது, படிச்சது எல்லாம் இங்கதான். இலங்கையை அவன் பார்த்ததே இல்ல. கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆனான். பாஸ்போர்ட் கேட்டாங்க. அதோட முடிஞ்சது. இப்போ பெயின்ட் அடிக்கப் போறான். எங்க பேட்ச்ல கோடிங்ல அவனை மிஞ்ச ஆள் இல்ல.

சட்டம் என்ன சொல்லுது? 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி செய்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. துப்பாக்கிச் சத்தமே கேட்காத பிள்ளைக்கும் போர் இன்னும் முடியவில்லை.

காசா குழந்தைகள் வீடியோ பார்த்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். மே 18 அன்று மெழுகுவத்தி டிபி வைக்கிறோம். நானும் வைக்கிறேன், தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திட வேண்டாம். பக்கத்து முகாமுக்கு ஒருமுறை போங்க. அங்க படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பிக் கொடுங்க. குடியுரிமைக் கோரிக்கையை நம்ம ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானமாக எழுதி அனுப்புங்க. வேட்பாளர் ஓட்டு கேட்டு வந்தா, அது நம்ம கட்சிக்காரராவே இருந்தாலும், இதைக் கேளுங்க.

முகாம்ல ஓட்டு இல்லைங்கிறதால அவங்களுக்காகக் கேட்க ஆள் இல்லாம போயிடக் கூடாது. ஓட்டு நம்மகிட்ட இருக்கு. நாம கேட்போம்.



#முகாம்பிள்ளைகளுக்குக்குடியுரிமை #குன்றக்குடி