உப்பு நீரும் உலோகமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலோர நகரில் குடியேறி வாழ்பவர்கள் நாம். நம் குடியிருப்பின் சன்னல் கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்வதை அனைவரும் கண்டிருக்கிறோம். அதே துரு துறைமுகத்தில் என்ன செய்கிறது என்பதைச் சிறிது கூற விரும்புகிறேன்.

படகுகளைப் பழுது பார்க்க நீரினின்று மேலே தூக்கி நிறுத்தும் பொறிகள் உண்டு. பல டன் எடையுள்ள படகு கம்பி வடத்தில் தொங்கும். அருகே தொழிலாளர் நிற்பர். ஒரு வடமோ திருகாணியோ அற்றுப்போனால் அவர்களுடைய உயிருக்கே ஆபத்து. எனவே துரு என்பது அழகைப் பற்றிய கேள்வியன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி அதில் நனைந்தால் அவை ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன. வலுக்குறைந்த உலோகம் கரைகிறது, மற்றது பிழைக்கிறது.

இதற்கு வரலாறே சான்று. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்திற்குச் செப்புத் தகடு போர்த்தினர். இரண்டாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த காகிதம் இடையே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன! 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் இதே நியதியை நன்மைக்குத் திருப்பினார். காக்க வேண்டிய உலோகத்தோடு, அதனினும் எளிதில் கரையும் உலோகத்தைப் பிணைத்தால், பிணைத்தது தன்னை இழந்து மற்றதைக் காக்கும் என்று காட்டினார். இன்று படகுகளிலும் படகு தூக்கும் பொறிகளிலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதனால்தான்.

முழுதும் மூழ்கிய இரும்பைவிட, அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் வரும் இரும்பே விரைவில் கெடும். அங்கே உப்பும் காற்றும் ஒருங்கே தாக்குகின்றன. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதும் காற்றுப் புகாத இடுக்குகளில் குழி விழுந்து கெடுவதுண்டு. கம்பி வடமோ வெளியே பளபளத்து உள்ளே இற்றுப்போயிருக்கலாம்.

நம் தமிழகத்துப் பாம்பனில் 1914-இல் திறந்த இரயில் பாலம் இந்த உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதன் மீது இரயில் ஓட்டம் நின்றது. கப்பல்களுக்கு வழிவிடச் செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கும் ஓயாத பராமரிப்பு வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. உப்பை நன்னீரால் கழுவுங்கள். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகாணி பூட்டும்போது இடையே நைலான் வளையம் இடுங்கள். துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மீது சாயம் பூசாதீர்கள், பூசினால் அது வேலை செய்யாது. வடத்தைக் குறித்த காலத்தில் வல்லுநரிடம் காட்டுங்கள்.

துரு ஓசையின்றி வரும். நம் கவனம் அதற்கு முன்னே செல்லட்டும்.