திண்ணையாக நின்ற ஊர்

 

நாம் வாழும் இந்தச் சிட்னி மாநகரின் மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஃபேர்ஃபீல்ட் நகராட்சியைச் சேர்ந்த கப்ரமாட்டா என்னும் புறநகரைப் பற்றியும், அதனைத் தம் உழைப்பினால் உருவாக்கிய வியட்நாமிய மக்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். வென்ட்வொர்த்விலிலும் தூங்காபியிலும் குடியிருக்கும் தமிழராகிய நம்மில் பலருக்கு அவ்வூர் மீனும் காய்கறியும் வாங்கும் கடைத்தெருவாகவே பரிச்சயம். அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் நிற்கும் சரித்திரமோ ஒரு தேசத்துக்கே பாடமாகத்தக்கது.

1901-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், கரையில் இறங்கும் அந்நியனை ஐரோப்பிய பாஷை ஒன்றில் ஐம்பது சொற்களைக் கேட்டு எழுதச் சொல்லி, தவறினால் திருப்பி அனுப்பும் உபாயத்தினால், ஆசிய மக்களுக்கு இந்நாட்டின் வாசலை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். படிப்படியாகத் தளர்ந்து வந்த அந்தத் தடைக் கொள்கையின் எஞ்சிய சுவடுகளை 1973-இல் பிரதமர் விட்லமின் அரசாங்கம் துடைத்தது. வியட்நாம் யுத்தத்தின் முடிவில் சைகோன் நகரம் 1975 ஏப்ரல் 30 அன்று வீழ்ந்து ஓராண்டு நிறையும் தறுவாயில், 1976 ஏப்ரல் 26-ஆம் தேதி, பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை வழிகாட்டியாகக் கொண்டு, ஐந்து வியட்நாமியரைச் சுமந்த சின்னஞ்சிறு படகொன்று டார்வின் துறைமுகத்தை வந்தடைந்தது. அதனைத் தொடர்ந்த ஐந்தாறு ஆண்டுகளில் படகிலேயே இக்கரை சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தாம். மற்றவர்கள் மலேசியாவின் புலாவ் பிடோங் தீவிலும், இந்தோனேசியாவின் காலாங் தீவிலும், தாய்லாந்து, ஹாங்காங் முகாம்களிலும் மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் காத்திருந்து, அன்றைய பிரதமர் மால்கம் ஃப்ரேசரின் அரசாங்கம் மனம் துணிந்து அளித்த அனுமதியினால் விமானத்தில் வந்திறங்கினார்கள். புயலுக்கும் தாகத்துக்கும் கடற்கொள்ளையருக்கும் இரையாகி எந்தக் கரையையும் காணாமற்போனவர்களின் கணக்கை எவரும் முழுமையாக எழுதியதில்லை.

இப்படி வந்தவர்கள் இந்தப் பரந்த தேசத்தில் கப்ரமாட்டாவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளுக்காக அரசாங்கம் அமைத்த விடுதிகள் கப்ரமாட்டாவிலும் அருகிலுள்ள வில்லவுட்டிலும் இருந்தன. இத்தாலியரும் யுகோஸ்லாவியரும் தங்கிச் சென்ற அதே விடுதிகளில், படுக்கையும் உணவும் ஆங்கிலப் பாடமும் பெற்ற வியட்நாமியர், வெளியேறும் வேளை வந்தபோது, வாடகை குறைவாகவும் ரயில் நிலையமும் தொழிற்சாலைகளும் பக்கத்திலும் இருந்த அவ்வட்டாரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பெண்களில் பலர், உருப்படிக்கு இவ்வளவு என்று கிடைத்த சொற்பக் கூலிக்காக, வீட்டின் பின்கட்டில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் துணி தைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தம் நாட்டுக்கு வந்த ரொட்டிக் கலையை இங்கே கொண்டுவந்து ரொட்டிக் கடைகளைத் திறந்தார்கள். இன்று பான்மீ என்னும் அந்த ரொட்டியைப் பசியாற உண்ணாத ஊரே ஆஸ்திரேலியாவில் அருமை.

இவர்கள் இப்படி ஒரே இடத்தில் கூடி வாழ்வதைக் கண்டு அக்காலத்தில் அச்சம் தெரிவித்தவர்கள் பலர். 1984-இல் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி, ஆசியக் குடியேற்றம் பொதுமக்கள் ஏற்கும் அளவைக் கடந்து விரைகிறது என்றார். 1996-இல் பாலின் ஹான்சன் அந்த அச்சத்தைப் பாராளுமன்றத்திலேயே இன்னும் கடுமையாக முழங்கினார். தம் இனத்தாரோடு மட்டும் பழகி, தம் பாஷையையே பேசி, இத்தேசத்தோடு ஒட்டாமல் நின்றுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். நான் அதனை மறுக்கிறேன். நம் முன்னோர் கட்டிய வீடுகளில் தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே திண்ணை என்று ஒன்று இருந்தது. வழிநடந்து களைத்தவன் அதில் அமர்ந்து மூச்சு வாங்கி, தண்ணீர் அருந்தி, வீட்டாரோடு பேசி, அதன் பிறகு உள்ளே அழைக்கப்படுவான். கப்ரமாட்டா அத்தகைய திண்ணை. எல்லாவற்றையும் இழந்து வந்தவனுக்குத் தன் பாஷையில் மருந்தின் பெயரைச் சொல்லும் கடைக்காரரும், வேலை இருக்கும் இடத்தைச் சொல்லும் உறவினரும், தலைவணங்க ஒரு விகாரையோ மாதா கோயிலோ வாய்த்தால்தான், புதிய நாட்டின் பள்ளியிலும் பணிமனையிலும் நிமிர்ந்து நிற்கும் தைரியம் பிறக்கும்.

அவ்வூருக்கு இருண்ட காலமும் இருந்தது. அதை மறைப்பது சத்தியத்துக்கு விரோதம். தொண்ணூறுகளில் அங்கே ஹெராயின் விற்பனை பகிரங்கமாக நடந்தது; பெற்றோரைப் பிரிந்து வந்தவர்களும், பள்ளியில் பாஷை புரியாமல் பின்தங்கியவர்களுமான இளைஞர் சிலர் கும்பல்களில் சேர்ந்தார்கள்; 1994 செப்டம்பர் 5-ஆம் தேதி, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஜான் நியூமன் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வேலையின்மை பெருகிய காலம் அது. பத்திரிகைகள் ஊர் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்தின. ஆனால் அந்த அக்கிரமத்தினால் அதிகம் துன்புற்றவர்கள் அந்த ஊர்க் கடைக்காரர்களும் தாய்மார்களுமே அல்லவா? அவர்களே இடைவிடாது முறையிட்டார்கள், 2001-இல் மாநிலச் சட்டமன்ற மேலவையின் குழுவொன்று அவ்வூர்க் காவல் நிலையை விசாரித்து அறிக்கை தந்தது, காவல்முறை மாறியது, தெரு மீண்டது. சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அத்தகைய திண்ணைகளில் இளைப்பாறிய வியட்நாமியச் சமூகம் இன்று எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1977-இல் படகில் டார்வின் வந்த ஹியூ வான் லே, 2014-இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். சைகோனில் பிறந்து அகதி முகாம்களில் குழந்தைப் பருவத்தைக் கழித்த டாய் லே, கப்ரமாட்டாவை உள்ளடக்கிய ஃபவுலர் தொகுதியில் 2022-இல் சுயேச்சையாக வென்று, தம் மக்களின் ஆவ் ஸாய் என்னும் மரபு உடையில் பாராளுமன்றத்தில் கன்னிப்பேச்சு நிகழ்த்தினார். கைக்குழந்தையாக வந்த நாம் லே எழுதிய 'தி போட்' என்னும் சிறுகதைத் தொகுதி 2008-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, வியட்நாமில் பிறந்து இங்கு வாழ்வோர் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். வீட்டில் வியட்நாமிய பாஷை பேசுவோர் மூன்று லட்சத்தைத் தாண்டுவர். ஒட்டாமல் நிற்பார்கள் என்று ஆரூடம் சொன்னவர்களுக்கு இந்தத் தேசமே விடை தந்திருக்கிறது.

அவ்வூர் என்றுமே ஓர் இனத்தாருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. ஜான் தெருவில் கம்போடியரும் லாவோஸ்காரரும் சீனரும் அடுத்தடுத்துக் கடை நடத்துகிறார்கள். 2015-இல் சிரியாவிலும் ஈராக்கிலும் யுத்தத்துக்குத் தப்பிய 12,000 பேரை மேலதிகமாக ஏற்பதாக ஆஸ்திரேலியா அறிவித்தபோது, அவர்களுள் பெருந்தொகையினர் வந்து குடியேறியதும் இதே ஃபேர்ஃபீல்ட் வட்டாரத்தில்தான். நேற்று வந்தவர் இன்று வருபவருக்கு அண்டை வீட்டாராகிறார்.

சபையோரே, 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் இந்த அரங்கில் நிறைந்திருக்கின்றன. ஆகவே இக்கதை நமக்கு அந்நியமன்று. நாம் செய்யத்தக்க காரியங்களாக இரண்டைச் சொல்லி அமர்கிறேன். வார இறுதியில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், புதிதாக வந்த அகதிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். பாஷை அறியாமையின் துன்பத்தை நம்மைப்போல் அறிந்தவர் எவர்? இரண்டாவதாக, நுயென் ஸூவின் 'கியூவின் கதை' என்னும் காவியத்தை நெஞ்சில் சுமந்து கடல் கடந்த அம்மக்களின் எழுத்தாளர் ஒருவரை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைத்து, இம்மேடையில் நம்மோடு சரியாசனம் தந்து கேட்க வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாகவே நிறைவேற்றித் தருமாறு நம் சங்கத் தலைவர் அவர்களை வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன்.