கண்ணுக்கு ஒளியும் செடிக்கு ஒளியும்

ஒரு விளக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பெரிய ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். திருகு பொருந்த வேண்டும். வாட் அளவு சரியாக இருக்க வேண்டும். விசையை அழுத்தினால் பளிச்சென்று எரிய வேண்டும். இதற்கு மேல் என்ன இருக்கிறது? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் நண்பர் ஒருவர் ஓரிரவு முழுவதும் கண் திறக்க முடியாமல் துடித்த பிறகுதான் அந்த எண்ணம் என்னைவிட்டு அகன்றது.

1990-களின் தொடக்கத்தில் நான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தாவரவியல் மாணவனாக இருந்தேன். அங்கே டிசம்பர் இறுதியில் பகற்பொழுது ஒன்பது மணி நேரத்திற்கும் குறைவு. வெளியே பனி உறைந்து கிடக்கும். அந்நாட்களில் தக்காளி நாற்று வளர்க்க வேண்டுமாயின், அறைக்குள் விளக்கைத்தான் கதிரவனாக்கிக்கொள்ள வேண்டும். எனக்கும் என் நண்பருக்கும் ஒரு நிலவறை கிடைத்தது. எங்கள் ஓராண்டு ஆராய்ச்சி அந்த நாற்றுகளையே நம்பியிருந்தது.

முதற் குளிர்காலத்தில் 400 வாட் உயரழுத்த சோடியம் விளக்கைத் தொங்கவிட்டோம். அது ஏறக்குறைய 50,000 லூமென் ஒளி தரும். அதே வாட் அளவுள்ள உலோக ஹாலைடு விளக்கு தருவதோ ஏறத்தாழ 36,000 லூமென்தான். எது பெரிதோ அதுவே சிறந்தது என்று கணக்குப் போட்டோம். நாற்றுகள் உயரமாக வளர்ந்தன. ஆனால் தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தம்மைத் தாமே தாங்கமாட்டாமல் சாய்ந்தன.

பிழை எங்கே இருந்தது? லூமென் என்பது மனிதக் கண்ணின் அளவுகோல். நம் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் நிறத்தையே மிகுதியாக உணர்கிறது. நீலத்தையும் ஆழ்ந்த சிவப்பையும் குறைவாகவே உணர்கிறது. ஆகவே, மஞ்சள் மிகுந்த சோடியம் விளக்கு லூமென் கணக்கில் முந்திக்கொள்கிறது. செடியின் கணக்கோ வேறு. கீத் மக்கிரீ என்னும் அறிஞர் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஆராய்ந்து 1972-இல் வெளியிட்ட ஆய்வு, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி அனைத்தும், கூடுதலாகவோ குறைவாகவோ, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது என்று காட்டியது. சோடியம் விளக்கும் ஒளிச்சேர்க்கையை நன்றாகவே நடத்தும். ஆனால் தண்டைக் குட்டையாகவும் உறுதியாகவும் உருவாக்குவதற்குத் துணை நிற்கும் நீல ஒளி அதில் மிகக் குறைவு. உணவு இருந்தது, ஒழுங்கு இல்லை.

அந்த நீலத்தைத் தரவல்லதே உலோக ஹாலைடு விளக்கு. அதன் உள்ளே ஒரு சிறு குவார்ட்ஸ் குழல் உண்டு. அதில் ஆர்கன் வாயுவும் பாதரசமும், சோடியம், ஸ்காண்டியம் போன்ற உலோகங்களின் அயோடைடு உப்புகளும் இருக்கின்றன. மின்வில் எழும்போது அவை ஆவியாகி, ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய நிறத்தைச் சேர்க்கிறது. தனிப் பாதரச ஒளியில் உள்ள நிறக்குறை இவ்வாறு நிரம்புகிறது. இக்கருத்துக்கு ஸ்டைன்மெட்ஸ் 1912-லேயே காப்புரிமை பெற்றார். எனினும், ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தின் ரைலிங் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் உழைத்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் அவ்விளக்கை வாங்கச் சென்றோம். பழைய பொருள்கள் விற்கும் இடத்தில் ஒரு விளக்குக் கூடு கிடைத்தது. குழல் விளக்குக்குச் 'சோக்' இருப்பதைப் போல இதற்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவி உண்டு. அதன் மேல் 'எம் 59' என்று குறித்திருந்தது. அதே குறி பல்பிலும் இருக்க வேண்டும். வாட் ஒன்றாக இருப்பினும் குறி வேறானால் பல்பு எரியாமற் போகலாம். அல்லது எரிந்தும் விரைவில் கெடலாம். பல்பைத் தலைகீழாகத் தொங்கவிடுவதா, கிடையாகப் பொருத்துவதா என்பதற்கும் குறி உண்டு. இவற்றையெல்லாம் நாங்கள் பார்த்துத்தான் வாங்கினோம். பார்க்கத் தவறியது ஒரே ஓர் எழுத்து.

உள்ளிருக்கும் குவார்ட்ஸ் குழல் புற ஊதாக் கதிர்களையும் வெளிவிடுகிறது. அவற்றைத் தடுத்து நம்மைக் காப்பது வெளிக் கண்ணாடியே. அது உடைந்தாலும் உட்குழல் தொடர்ந்து எரியக்கூடும். இந்த அபாயத்தை உணர்ந்து, 1980-லிருந்து அமெரிக்க விதி இவ்விளக்குகளின் மேல் 'டி' அல்லது 'ஆர்' என்ற எழுத்தைப் பொறிக்கச் செய்தது. 'டி' குறியுள்ள பல்பு, வெளிக் கண்ணாடி உடைந்தால் 15 நிமிடங்களுக்குள் தானே அணைந்துவிட வேண்டும். 'ஆர்' குறியுள்ளதற்கு அந்தக் காப்பு இல்லை. நாங்கள் வாங்கியது 'ஆர்'. விலை சற்றுக் குறைவு என்பதே காரணம்.

நாற்றுகள் அம்முறை அழகாக வளர்ந்தன. ஒரு பிற்பகலில், ஏணியை நகர்த்தும்போது அதன் முனை பல்பில் இடித்து, வெளிக் கண்ணாடியின் பெரிய துண்டொன்று உதிர்ந்தது. விளக்கு அணையவில்லை. "எரிகிறதே, நாளை மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான். என் சொல்லை நம்பி நண்பர் அதன் கீழே இரண்டு மணி நேரம் நாற்றுகளை அளந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஒரு துன்பமும் தெரியவில்லை. நள்ளிரவில், கண்ணுக்குள் மணலை வாரி இறைத்தாற்போல் எரிகிறது என்று எழுந்தார். முகம் சிவந்திருந்தது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரண்டு நாட்களில் பார்வை தெளிந்தது. அது எங்கள் நற்பேறு. நாற்றுகளை மீண்டும் விதைத்துக்கொள்ளலாம். கண்களை விதைக்க முடியுமா?

அந்த இரண்டு நாட்களும் அவர் கட்டிலருகே அமர்ந்து நான் சிந்தித்தேன். என் தவறுகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று தோன்றியது. எரிவதைக் கண்டேன், அதுவே போதும் என்று நம்பினேன். கண் காணாத ஒளியும் உண்டு என்பதைப் பாடத்தில் படித்திருந்தும் அறைக்குள் மறந்தேன்.

கண் நம்மை ஏமாற்றும் மற்றோர் இடமும் உண்டு. உலோக ஹாலைடு விளக்கு திடீரென்று முதுமை அடைவதில்லை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக மங்குகிறது. பழைய வகைப் பல்பு தன் ஆயுளில் பாதியை எட்டுமுன்பே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியை இழந்துவிடக்கூடும். நம் கண்ணோ மங்கலுக்கும் பழகிக்கொள்கிறது. ஆகவே செடிகளின் உயரத்தில் ஒளிமானியை வைத்து, ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்று அவ்வப்போது அளந்து எழுதிவைக்க வேண்டும். பல்பு அணையும்வரை காத்திராமல், அளவு தாழும்போதே மாற்ற வேண்டும்.

இன்று புதிதாக அறை அமைப்போர் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகளையே நாடுகின்றனர். அதுவே தக்கதும் ஆகும். 2014-இல் நெல்சன், பக்பீ என்னும் இருவர் வெளியிட்ட அளவீட்டில், சிறந்த செராமிக் உலோக ஹாலைடு விளக்கு ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு 1.46 மைக்ரோமோல் ஒளி தந்தது, சிறந்த எல்.இ.டி. 1.7 தந்தது. அதன் பின்னர் எல்.இ.டி. இன்னும் முன்னேறியிருக்கிறது. ஆனால் பழைய உலோக ஹாலைடு கூடுகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்ய நேர்வோருக்கு நான் சொன்னவை இன்றும் பயன்படும்.

மாணவ நண்பர்களே, விளக்கு எதுவாயினும் முறை ஒன்றுதான். வாங்குமுன் அதன் மேல் உள்ள எழுத்துகளை முழுவதும் படியுங்கள். யாருக்காக அந்த ஒளி என்று கேளுங்கள். ஏற்றிய பின் அளந்து பாருங்கள். கண்ணாடி உடைந்தால், அடுத்த சொல்லைப் பேசுமுன் விசையை அணையுங்கள். என் நண்பர் என்னை அன்றே மன்னித்துவிட்டார். எனினும் இன்றும் எந்த விளக்கை வாங்கினாலும், கடையிலேயே நின்று அதன் கழுத்தில் பொறித்த சிற்றெழுத்துகளைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கிறேன்.